எரிமலைச் செய்திகளில் விடுபடும் விவரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் எங்காவது எரிமலை வெடித்தால் நம் நாளிதழ்களில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் இருக்கிறது. ‘எரிமலை திடீரென வெடித்துச் சிதறியது’ என்று தலைப்பு. செந்நிறக் குழம்பு ஆறாக ஓடும் ஏதோ ஒரு பழைய படம். ‘மூன்றாம் நிலை எச்சரிக்கை’ என்று ஒரு வரி. மறுநாள் அந்த ஊர் செய்தியிலிருந்தே காணாமல் போய்விடும்.

இது நமக்குத் தொடர்பில்லாத விஷயம் அல்ல. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை கக்கிய சாம்பல் மேகம் அரபிக் கடலைத் தாண்டி வட இந்திய வான்வெளிக்கு வந்து விமானங்கள் ரத்தாயின. தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் மேடான் நகரம், சுமத்ராவின் சினாபுங் எரிமலைக்கு அருகில் இருக்கிறது. பாலித் தீவுக்கு இன்று நம் ஊர்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் சுற்றுலா செல்கின்றன. ஆகவே எரிமலை முன்கூட்டி என்ன சொல்லும், வெடித்தபின் எதனால் ஆள் சாகிறது என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிலவியல் கற்பிக்கும் நாங்கள் இதை விரிவாக எழுதத் துணிந்தது அதனால்தான்.

இதற்குப் பிலிப்பைன்ஸின் பினடுபோவைவிடத் தெளிவான பாடம் கிடையாது. மணிலாவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் உள்ள மலை அது. சுமார் 500 ஆண்டுகள் அடங்கிக் கிடந்தது. காடு மூடிய அதன் சரிவுகளில் அயிட்டா பழங்குடியினர் வாழ்ந்தார்கள். 1991 ஜூன் 15 அன்று, 20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று அங்கே நிகழ்ந்தது. ஆனால் மார்ச் 15 முதலே மலையடிவாரக் கிராமங்களில் நிலம் அதிர்வதை மக்கள் உணர்ந்திருந்தார்கள். ஏப்ரல் 2 அன்று வடக்குச் சரிவில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து நீராவி பீறிட்டது. பெருவெடிப்புக்குப் பத்து வாரங்களுக்கு மேல் இருந்தது. ரேமுண்டோ புனொங்பயான் தலைமையிலான, பிலிப்பைன்ஸின் எரிமலை, நில அதிர்வு ஆய்வு நிறுவனமான பிவோல்க்ஸ் உடனே நில அதிர்வுமானிகளைப் பொருத்தியது. மலையைச் சுற்றி 10 கிலோமீட்டர் வளையத்தில் இருந்தவர்களை வெளியேற்றச் சொன்னது. ஏப்ரல் கடைசியில் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் குழுவும் வந்து சேர்ந்தது.

அவர்கள் பார்த்தது முக்கியமாக மூன்று: நடுக்கம், வாயு, நிலத்தின் சாய்வு. நடுக்கத்தில் எண்ணிக்கை மட்டும் போதாது, வகை வேண்டும். பாறை உடைந்தால் கருவியில் கூர்மையான, படபடவென்ற அதிர்வு விழும். விரிசலுக்குள் வாயுவோ பாறைக்குழம்போ அழுத்தத்தோடு நகர்ந்தால் மெதுவான, நீண்ட அலை விழும். இடைவிடாத நடுக்கம் இருந்தால் ஏதோ ஒன்று நிற்காமல் பாய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். பினடுபோவில் முதலில் உச்சிக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தள்ளித்தான் நடுக்கங்கள் குவிந்திருந்தன. ஜூன் தொடக்கத்தில் அவை உச்சிக்கு நேர் கீழே, ஆழமில்லாத இடத்துக்கு மாறின. எண்ணிக்கையை மட்டும் எழுதிவைத்திருந்தால் இந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது.

இனி வாயு. இதுதான் வெளியே பலருக்குத் தெரியாத பகுதி. பாறைக்குழம்பு மேலே ஏற ஏற அதன்மீதுள்ள அழுத்தம் குறையும். அதில் கரைந்திருந்த கந்தக டை ஆக்சைடு பிரிந்து வெளியேறும். மே 13 அன்று பினடுபோவிலிருந்து நாளுக்குச் சுமார் 500 டன் வெளியானது. மே 28க்குள் அது 5,000 டன்னுக்கு மேல் போனது. அதன்பின் சடசடவென இறங்கி, ஜூன் 5 வாக்கில் 300 டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர், மலை அடங்குகிறது என்று நிம்மதி அடைவார். அங்கிருந்தவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. குக்கரின் ஆவி வரும் குழாய் அடைத்துக்கொண்டால் வெளியே ஆவி குறையும், உள்ளே அழுத்தம் ஏறும். வாயு குறைந்த அதே நாட்களில் நடுக்கம் உச்சிக்கடியில் கூடியதும், ஜூன் 6 அன்று மலைச்சரிவு வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியதும், ஜூன் 7 அன்று உச்சியருகே கெட்டியான குழம்பு மேடாகப் பிதுங்கி நின்றதும் சேர்ந்துதான் அந்த முடிவை உறுதி செய்தன. எந்த ஒரு குறியையும் தனியாக வைத்து எரிமலையைக் கணிக்க முடியாது. நான்கும் ஒரே திசையைக் காட்டும்போது தயங்கக் கூடாது.

இந்த அறிவியலை மக்கள் மொழியில் மாற்றியது, மே 13 அன்று அறிமுகமான ஐந்து படி எச்சரிக்கை முறை. மூன்றாம் படி என்றால் இப்போக்கு தொடர்ந்தால் இரண்டு வாரங்களுக்குள் வெடிக்கலாம். நான்காம் படி என்றால் 24 மணி நேரத்துக்குள் வெடிக்கலாம். ஐந்து என்றால் வெடிப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஜூன் 5 அன்று மூன்று, 7 அன்று நான்கு, 9 அன்று ஐந்து. வெளியேற்ற வளையமும் 10 கிலோமீட்டரிலிருந்து 20, 30, கடைசியில் 40 என விரிந்தது. ஜூன் 10 அன்று அருகிலிருந்த அமெரிக்காவின் கிளார்க் விமானப்படைத் தளத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் வாகன வரிசையாக வெளியேறினார்கள்.

அந்த முறையில் இன்னொரு விதியும் இருந்தது. எச்சரிக்கையை ஏற்றுவதற்குக் காத்திருக்க வேண்டாம். இறக்குவதற்குக் காத்திருந்தே ஆக வேண்டும். நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்க, அறிகுறிகள் தணிந்தபின் ஒரு வாரம். மூன்றிலிருந்து இரண்டுக்கு 72 மணி நேரம். புயலுக்கு முன் வரும் அமைதியில் மக்கள் வீடு திரும்பிச் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதே காரணம். 2014 பிப்ரவரி 1 அன்று சினாபுங்கில் சுடுசாம்பல் பெருக்கில் பத்துப் பேருக்கு மேல் இறந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளி வளையத்தில் இருந்தவர்களை வீடு திரும்ப அனுமதித்ததற்கு மறுநாள் அது நடந்தது. இறந்தவர்கள் உச்சியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள், தடை நீங்காத பகுதிக்குள் போயிருந்தவர்கள். ‘எரிமலை அமைதி’ என்று செய்தி போடும்போது, எந்த வளையம் இன்னும் மூடியிருக்கிறது என்பதை அதே வரியில் சொல்லவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அறிகுறி தெரிந்தும் செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்? கொலம்பியாவின் ஆர்மெரோ அதற்குச் சாட்சி. நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை ஓராண்டாக முனகிக்கொண்டிருந்தது. சேறு எந்தப் பள்ளத்தாக்கில் வரும் என்று காட்டும் வரைபடம் 1985 அக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. ஆர்மெரோ அதில் ஆபத்துப் பகுதிக்குள் இருந்தது. நவம்பர் 13 இரவு 9 மணி அளவில் வெடித்தது; அவ்வளவு பெரிய வெடிப்பும் அல்ல. உச்சியின் பனி உருகி, சாம்பலையும் கல்லையும் வாரிக்கொண்டு ஆற்றில் இறங்கி, இரவு 11.30 அளவில் ஊருக்குள் நுழைந்தது. இரண்டரை மணி நேரம் கையில் இருந்தது. ஊருக்குப் பக்கத்திலேயே மேடு இருந்தது. வெளியேறச் சொல்லும் உத்தரவு மக்களை எட்டவில்லை. அன்று மாண்டவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். அந்த அனுபவத்தால்தான் பினடுபோவில் அதிகாரிகளுக்கும் ஊர்மக்களுக்கும் எரிமலை ஆபத்துகளைக் காட்டும் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். அதைத் தயாரித்த பிரெஞ்சு எரிமலை ஆய்வாளர்களான மோரிஸ் – கட்டியா கிராஃப்ட் தம்பதி, அதே 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில் சுடுசாம்பல் பெருக்கில் உயிரிழந்தார்கள். அன்று அங்கு மொத்தம் 43 பேர் பலியானார்கள்.

எல்லா வெடிப்புக்கும் வாரக்கணக்கில் முன்னறிவிப்பு இருக்கும் என்றும் சொல்லமாட்டோம். பாறைக்குழம்பு மேலே வராமல், நிலத்தடி நீர் மட்டும் கொதித்து வெடிக்கும் நீராவி வெடிப்புகள் உண்டு. 2014 செப்டம்பர் 27 அன்று ஜப்பானின் ஒண்டாகேயில் எச்சரிக்கை மிகக் கீழ்ப்படியில் இருந்தபோதே வெடித்தது. நடுக்கம் தொடங்கி வெடிப்புக்கு இடையில் 11 நிமிடம்தான். மலையேறச் சென்றவர்களில் 63 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். 2019இல் நியூசிலாந்தின் வெள்ளைத் தீவில் சுற்றுலாப் பயணிகளும் வழிகாட்டிகளுமாக 22 பேர் இறந்தார்கள். ‘திடீரென’ என்று எழுதத் தகுந்தவை இவை. சுற்றுலா நிறுவனம் அழைத்துப் போகிறது என்பதற்காகக் கொதிக்கும் எரிமலை வாயில் நின்று படம் எடுப்பது பாதுகாப்பு ஆகிவிடாது.

இனி விளைவுகள். ஜூன் 15 அன்று பினடுபோவில் குழம்பு ஆறாக ஓடவே இல்லை. பிசுபிசுப்பும் வாயுவும் மிகுந்த குழம்பு அது. ஓடாமல் தூளாகச் சிதறியது. சாம்பல் தூண் 35 கிலோமீட்டருக்கு மேல் எழுந்தது. அதன் பாரம் தாங்காமல் சரிந்த பகுதி, சுடுசாம்பலும் கல்லும் வாயுவும் கலந்த பெருக்காகச் சரிவுகளில் இறங்கி 16 கிலோமீட்டர் வரை போனது. சில பள்ளத்தாக்குகள் 200 மீட்டர் உயரத்துக்கு நிரம்பின. இத்தகைய பெருக்கு பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வரும். வெப்பம் 200 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை. ஓடித் தப்ப முடியாது, வீட்டுக்குள் ஒளியவும் முடியாது. முன்பே அந்த வளையத்தை விட்டு வெளியேறியிருப்பதுதான் ஒரே வழி. குறைந்தது 5,000 உயிர்கள் அன்று தப்பின என்று மதிப்பிடுகிறார்கள். 1,745 மீட்டர் இருந்த உச்சி 1,485 மீட்டராகக் குறைந்தது.

வெடித்த அன்று இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது கூரை. அதே நாளில் யுன்யா புயல் அந்த வழியாகப் போனது. சாம்பல் மழையோடு சேர்ந்து ஈரமாக விழுந்தது. பத்துக்குப் பத்து அடி அறையின் கூரையில் நான்கு அங்குலம் சாம்பல் படிந்தால், காய்ந்த நிலையில் அரை டன்னிலிருந்து ஒரு டன் வரை கனக்கும். நனைந்தால் ஒரு டன்னைத் தாண்டும். சாதாரண தகரக் கூரை இதற்குக் கட்டப்பட்டதல்ல. இடையில் தூணில்லாத அகன்ற கூரைகளே முதலில் விழும். சந்தைக் கட்டடம், மண்டபம், தேவாலயம், பள்ளிக்கூட அரங்கம் இவைதான் அவை. அவசரத்தில் மக்களைத் தங்கவைக்கும் இடங்களும் இவைதான்! சாம்பல் விழும் பகுதியில் முகாமுக்கு இடம் தேர்ந்தெடுப்பவர்கள் சிறு அறைகள் கொண்ட கான்கிரீட் கட்டடத்தைத் தேட வேண்டும்.

கூரையைச் சுத்தம் செய்வதிலும் ஆள் சாகிறது. நான்கு அங்குலம் சேரும்வரை விடாமல், அதற்கு முன்பே அவ்வப்போது அகற்ற வேண்டும். மழை வருமுன் முடித்துவிட வேண்டும். கூரைமேல் ஏறி நிற்காமல் முடிந்தவரை ஏணியிலிருந்தே நீண்ட கைப்பிடிக் கருவியால் இழுப்பது நல்லது. ஒரு பக்கத்தை முழுதாகக் காலிசெய்து மறுபக்கத்தை அப்படியே விட்டால் பாரம் ஒருபுறம் சாய்ந்து கூரை முறுக்கிக்கொள்ளும். இரு பக்கமும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். தூசி பறக்காத அளவுக்கு இலேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். குழாயைப் பிடித்து அடித்தால் எடை கூடும். வடிகாலில் இறங்கிய சாம்பல் சிமெண்ட்போல இறுகிவிடும். மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை முதல் சாம்பல் விழுமுன்பே கழற்றிவிட வேண்டும்.

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போன்றதல்ல. பொடிந்த பாறையும் கண்ணாடியும் அது, நீரில் கரையாது. எனவே கண்ணில் விழுந்தால் கசக்காமல் நல்ல நீரில் கழுவ வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் கூடாது. மூக்குக்கு என்95 முகக்கவசம். கார்க் கண்ணாடியில் காய்ந்த சாம்பல்மேல் வைப்பரைப் போட்டால் கீறிவிடும். காய்ந்த சாம்பல் மின்சாரத்தைக் கடத்தாது, நனைந்தது கடத்தும். அதனால்தான் தூறல் தொடங்கியதும் மின்கம்பங்களின் பீங்கான்களில் பொறி பறந்து ஊர் இருளும். குடிநீர் கலங்கினால் குளோரின் சரியாக வேலை செய்யாது. தெளியவைத்து வடிகட்டிய பிறகே குளோரின் கலக்க வேண்டும்.

வெடிப்புக்குப் பிந்தைய மாதங்களில் முகாம்களில் இறந்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தட்டம்மை, வயிற்றுப்போக்கு, நிமோனியா. இறந்தவர்களில் பெரும்பாலோர் அயிட்டா மக்கள், அதிலும் குழந்தைகள். மலைக்காட்டில் சிதறி வாழ்ந்தவர்களை நெருக்கமான கூடாரங்களில் அடைத்ததும், தடுப்பூசி முழுமையாகச் சென்று சேராததும் காரணம். முகாமுக்குள் வரும் குழந்தைக்கு அன்றே தட்டம்மைத் தடுப்பூசி போடுவது கஞ்சி ஊற்றுவதற்கு இணையான முதல் வேலை. அவர்கள் மொழி தெரிந்த, அவர்கள் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அது நடக்கும்.

மலை ஓய்ந்தபின் மழை தொடங்கியது. சரிவுகளில் கிடந்த ஐந்து கன கிலோமீட்டருக்கு மேற்பட்ட தளர்வான சாம்பலையும் கல்லையும் ஒவ்வொரு பருவமழையும் ஆற்றில் இறக்கியது. லஹார் எனப்படும் இந்தச் சேற்றுப் பெருக்கு, பார்ப்பதற்கு ஈரக் கான்கிரீட் ஓடுவதுபோல் இருக்கும். பாறையையும் பாலத்தையும் சேர்த்து எடுத்துப் போகும். ஆற்றுப்படுகை மேடாகிவிடுவதால் அடுத்த பெருக்கு கரையை மீறிப் புது வழி தேடும். முந்தைய ஆண்டு தப்பிய ஊர் இந்த ஆண்டு தப்பும் என்ற உறுதி இல்லை. பகோலோர் நகரம் 1995 அக்டோபரில், அதாவது வெடிப்புக்கு நான்கு ஆண்டுகள் கழித்துப் புதைந்தது. அங்குள்ள சான் கில்லெர்மோ தேவாலயம் பாதி உயரம் மண்ணுக்குள் போய், இன்று ஜன்னல் இருந்த இடமே வாசலாக இருக்கிறது. மேல்பகுதியில் மழைமானிகளும், நில அதிர்வால் சேறு வருவதை உணரும் கருவிகளும், பார்வையாளர்களும் வைத்துத்தான் கீழூர்களை எச்சரித்தார்கள். எச்சரிக்கை கேட்டால் ஆற்றோரமாக ஓடக்கூடாது. ஆற்றுக்குக் குறுக்காக விலகி மேட்டில் ஏற வேண்டும். பாலத்தைக் கடக்குமுன் மேல்பக்கம் பார்க்க வேண்டும்.

உலகம் குளிர்ந்தது பற்றி ஒரு திருத்தம். சாம்பல் சூரியனை மறைத்ததால் குளிர்ந்தது என்று எழுதுகிறார்கள். சாம்பல் சில நாட்களில், வாரங்களில் கீழே விழுந்துவிடும். பினடுபோ மேலடுக்கு வளிமண்டலத்துக்கு அனுப்பிய ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடு அங்கே கந்தக அமிலத் துளிகளாக மாறி, ஏறத்தாழ மூன்று வாரத்தில் உலகைச் சுற்றி, இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கியது. 1992இல் உலகின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி குறைந்ததற்கு அந்தத் துளிகளே காரணம்.

விமானத்தைத் தடுப்பது ஏன் என்பதையும் ஒரு முறை தெளிவாக எழுதுங்கள். சாம்பலில் உள்ள கண்ணாடி 1,100 டிகிரி அளவில் உருகும். ஜெட் எஞ்சினுக்குள் வெப்பம் அதைவிட அதிகம். உள்ளே உருகி, சுழலும் தகடுகளில் ஒட்டி இறுகி, காற்றோட்டத்தை அடைத்துவிடும். 1982 ஜூன் 24 இரவு, இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. மேகத்தைவிட்டுக் கீழே வந்தபிறகே மீண்டும் இயங்கின. விமானத்தின் வானிலை ராடாருக்கு இந்தச் சாம்பல் தெரியாது. பயணம் ரத்தானால் நிறுவனத்தோடு சண்டை போடுவதைவிட, உலகில் உள்ள ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்களில் அந்தப் பகுதிக்கு உரியதன் அறிவிப்பைப் பார்ப்பது பயன் தரும். இந்தோனேசியாவுக்கு அது ஆஸ்திரேலியாவின் டார்வினில் உள்ள மையம்.

இறுதியாகத் தங்களிடம் கேட்பது இவைதான். எச்சரிக்கைப் படியை எழுதும்போது, எத்தனைக்கு எத்தனை என்று எழுதுங்கள். இந்தோனேசியாவில் நான்கு படிகள், நான்குதான் உச்சம். பிலிப்பைன்ஸில் பூஜ்யம் முதல் ஐந்து. விமானங்களுக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனத் தனி நிறக்குறி. ‘மூன்றாம் நிலை’ என்பது ஒரு நாட்டில் உச்சத்துக்கு ஒரு படி கீழே, இன்னொரு நாட்டில் இரண்டு படி கீழே. மூடிய வளையம் எத்தனை கிலோமீட்டர், காற்று எந்தத் திசை, எந்த ஆறுகள் அந்த மலையிலிருந்து இறங்குகின்றன, நடுக்கம் தொடங்கி எத்தனை நாளாகிறது என்பவற்றை அந்நாட்டு நிறுவனத்தின் அறிவிப்பிலிருந்து எடுத்துப் போடுங்கள். குழம்பே ஓடாத வெடிப்புக்குக் குழம்பு ஓடும் படம் வேண்டாம். வெடிப்பு முடிந்து அந்த ஊரில் முதல் மழைக்காலம் தொடங்கும்போது, ஆற்றங்கரை ஊர்களின் நிலை பற்றி மீண்டும் ஒரு செய்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நிலவியல் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி